கடல்நீர்த் தொட்டியும் பாசியுண் மீன்களும்

வீட்டிற் கண்ணாடித் தொட்டியமைத்துக் கடல்மீன் வளர்ப்போர்க்குப் பாசி அழையா விருந்தாளியாகும். இரையின் மிச்சமும் மீனின் கழிவும் நைத்திரேற்றாகவும் பொசுபேற்றாகவும் நீரிற் சேர, விளக்கொளியும் துணைநிற்கப் பாசி தழைக்கின்றது. பாசியுண்ணும் மீனொன்றை விட்டால் தொல்லை தீருமென்பர் பலர். எம்மீன் என்பதே வினா.

வாகரைப் பகுதியார் இதற்கு விடைதேடித் தொலைதூரஞ் செல்லவேண்டியதில்லை. (அயலிலுள்ள பாசிக்குடாவின் பெயரிலேயே பாசி உண்டன்றோ!) நம் வீடுகளிற் சொதிக்கு விரும்பப்படும் ஒரா, முருகைக்கற் பார்களிற் பாசியை மேய்ந்து வாழ்வது. இத்தகைய மேய்ச்சல் மீன்கள் அருகினால் விளைவது யாதென்பதற்கு யமேக்காத் தீவு சான்று. ஆங்கு மிகையான மீன்பிடியால் அவை குறைந்தன. எஞ்சிப் பாசியுண்ட கடல்முள்ளெலிகளும் 1983 இல் நோயால் மடிந்தன. 1970களின் பிற்பகுதியிற் பாரிற் பாதியளவை மூடியிருந்த உயிர்முருகை, 1990களின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்திலும் குறைந்தது. எஞ்சிய இடத்தைப் பாசி கொண்டது.

பாரில் இத்துணை வேண்டப்படும் ஒரா தொட்டிக்குப் பொருந்துமோ? விரலளவுக் குஞ்சைக் கண்டு மயங்கலாகாது. அதன் இனங்கள் பலவும் 30 சதமமீற்றரளவும் அதற்கு மேலும் வளர்வன. செட்டை முட்களில் நஞ்சுமுண்டு என்பதை வலையிழுப்போர் நன்கறிவர். இலங்கையிலிருந்து அலங்கார மீனாக ஏற்றுமதியாகும் நீலவுடலும் கரியமுகமும் மஞ்சள் முதுகுச்செட்டையுமுடைய மீனும் அத்தகையதே. வாலடியில் இருபுறமும் அறுவைக்கத்தி போன்ற முள்ளுடைய அவ்வினம் பகல் முழுதும் நீந்தித் திரிவது. ஒடுங்கிய தொட்டியில் தன்னினத்தைத் தாக்கும். வெள்ளைப்புள்ளி நோய்க்கும் எளிதில் ஆளாகும். ஆறடி நீளமும் ஈரடி அகலமும் ஈரடி உயரமுமுடைய, ஏறக்குறைய 680 இலீற்றர் கொள்ளும் தொட்டியில்லாதார் அதனை விரும்பாதிருத்தல் நன்று.

மூன்றடித் தொட்டிக்கு ஏற்றது சலாரியசு என்னும் விலங்கியற் பெயர்கொண்ட சிறுமீன். வளர்ச்சி 14 சதமமீற்றரளவே. கல்லின்மேல் அமர்ந்து, சீப்புப் போன்ற நுண்பற்களாற் பாசியைச் சுரண்டும். ஆயினும் ஒரு தொட்டிக்கு ஒன்றே போதும், இரண்டிருப்பின் சண்டையிடும். புதிதாய் அமைத்த தொட்டியிற் பாசி போதாமையால் இது பட்டினியாற் சாவதுமுண்டு. கடையில் விற்கும் உருண்டையிரையைச் சில தொடுவதேயில்லை. ஆதலின் தொட்டி சில மாதம் முதிர்ந்தபின் விடுதலும், பாசி குறைந்தால் உலர்ந்த கடற்பாசித் தாளைக் கல்லிற் கட்டிவைத்தலும் வேண்டும்.

ஈரடி நீளமும் ஓரடி அகல உயரமுமுடைய தொட்டி 56 இலீற்றரளவே கொள்ளும். அதற்கு இவற்றுள் எம்மீனும் ஆகாது. நத்தைகள் சிலவும் கையாற் சுரண்டுதலுமே போதும். செந்நிறக் கம்பளம்போற் படரும் வழுவழுப்பு உண்மையிற் பாசியன்று, ஒருவகைப் பற்றீரியா. அதனை இம்மீன்கள் தொடா. நீரை மாற்றி இரையைக் குறைத்தலே அதற்குப் பரிகாரம்.

வாகரையின் காயான்கேணிப் பார் 2019 இற் கடற்சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அங்கு மேயும் மீனைத் தொட்டிக்கெனப் பிடித்தல் தகாது. கடையில் வாங்குவோர் மீனின் வயிற்றை முதலில் நோக்குக. ஒட்டிய வயிறுடையது பலநாள் இரையின்றி இருந்ததாகும். விலை மலிவாயினும் அது பெரும்பாலும் பிழைப்பதில்லை.