லென்ஸ் தரும் வெளிச்சம் சென்சாருக்குப் போய்ச் சேர்கிறதா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் விடியற்காலை முகூர்த்தம் என்றால் மண்டபத்தில் இருக்கும் வெளிச்சம் குத்துவிளக்கும் ஹோமத் தீயும் நாலைந்து மஞ்சள் பல்புகளும்தான். ஃபிளாஷ் அடித்தால் முகம் வெளுத்து, பின்னால் நிற்கும் சொந்தபந்தமெல்லாம் இருட்டில் மறைந்துவிடும். அதனால்தான் கல்யாண போட்டோகிராபர்கள் எஃப் 1.4, எஃப் 1.2 என்று அகலமாகத் திறக்கும் பிரைம் லென்ஸ்களைத் தேடுகிறார்கள். ஆடித் திருவாதிரை மாலையில் கங்கைகொண்ட சோழபுரத்தைப் படமெடுக்க வருபவர்களுக்கும் இதே தேவைதான்.

எஃப் 2.8-ஐவிட எஃப் 1.4 நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். 1/50 நொடியில் கலங்கிப்போகும் தாலி கட்டும் கை, 1/200 நொடியில் விரல் விரலாகத் தெளிவாக விழும். ஃபிலிம் காலத்தில் இந்தக் கணக்கு ஏறக்குறைய அப்படியே பலித்தது. 1989-ல் கேனன் 50 மி.மீ. எஃப் 1.0 லென்ஸைக் கொண்டுவந்தபோது, எதிரே இருந்தது படச்சுருள். ஒளி நேராக வந்தாலும் சாய்ந்து வந்தாலும் அதிலுள்ள வெள்ளி உப்புத் துகள்கள் வாங்கிக்கொள்ளும்.

டிஜிட்டல் சென்சார் அப்படியல்ல. அதன் ஒவ்வொரு பிக்சலிலும் மேலே ஒரு நுண்வில்லை, அடுத்து நிறவடிகட்டி, பிறகு உலோகக் கம்பித் தடங்கள். இவற்றுக்கெல்லாம் அடியில்தான் ஒளியை மின்சாரமாக மாற்றும் டயோடு இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கிணறுகளில் உச்சி வெயில் தண்ணீரைத் தொடும். சாயங்கால வெயில் சுவரோடு நின்றுவிடும். பிக்சலிலும் அதுவே நடக்கிறது. எஃப் 2.8-ல் லென்ஸின் விளிம்பிலிருந்து வரும் கதிர் சுமார் 10 டிகிரி சாய்ந்து விழும். எஃப் 1.4-ல் அது 20 டிகிரி. காசு கொடுத்து வாங்கிய அந்தக் கூடுதல் ஒளியில் ஒரு பங்கு அடிவரை இறங்குவதே இல்லை.

அப்படியானால் படம் இருட்டாக வரவேண்டுமே? வராது. பல கேமராக்கள், மாட்டியிருக்கும் லென்ஸையும் அப்பர்ச்சரையும் தெரிந்துகொண்டு, குறையும் வெளிச்சத்துக்கு ஈடாக சிக்னலைச் சத்தமில்லாமல் ஏற்றிவிடுகின்றன. திரையில் ஐஎஸ்ஓ 1600 என்றே இருக்கும். உண்மையில் அதற்கும் மேல். கூடவே நாய்ஸும் ஏறும். 2010-ல் மார்க் டுபோவாய் என்ற புகைப்படக் கலைஞர், டிஎக்ஸ்ஓ ஆய்வகத்தின் அளவீடுகளை முன்வைத்து, கேமரா நிறுவனங்களுக்குப் பகிரங்கக் கடிதமாகவே இதை எழுதினார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. குறையை ஈடுகட்டுவதில் தப்பில்லை. வாங்கியவரிடம் சொல்லாமல் செய்வதுதான் தப்பு.

ஸ்டூடியோவிலேயே இதைச் சோதிக்கலாம். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, மேனுவல் மோடில் ஐஎஸ்ஓவைப் பூட்டி, லென்ஸை முழுதாகத் திறந்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுக்க வேண்டும். பிறகு லென்ஸ் பட்டனை அழுத்தி, மின்தொடர்பு அறுகிற அளவுக்கு மட்டும் லேசாகத் திருப்பி, கையால் தாங்கியபடி இன்னொரு படம். கேமராவுக்கு இப்போது லென்ஸ் எதுவென்று தெரியாது. இரண்டாவது படத்தின் நடுப்பகுதி மங்கியிருந்தால், அதுதான் கேமரா மறைத்துவந்த இழப்பு.

இழப்பு வெளிச்சத்தோடு நிற்பதில்லை. பின்னணியை அழகாகக் கரைப்பவையும் அதே விளிம்புக் கதிர்கள்தான். அவை குறையும்போது பொக்கேயும் லென்ஸ் சொன்ன அளவுக்கு வராது.

புதிய சென்சார்களில் நிலைமை தேவலை. கம்பித் தடங்களை டயோடுக்குப் பின்னால் தள்ளிய பிஎஸ்ஐ வகை, முழுச்சட்ட அளவில் முதன்முதலாக 2015-ல் சோனி ஏ7ஆர் 2-ல் வந்தது. டயோடு மேலே வந்துவிட்டதால் சாய்ந்த கதிருக்கும் வழி கிடைக்கிறது. பழைய கேமராவை வைத்துக்கொண்டு எஃப் 1.2-க்காக லட்சத்தைத் தாண்டிச் செலவழிப்பதைவிட, எஃப் 1.8-ஐ வாங்கி மிச்சத்தைப் புதிய கேமராவுக்குச் சேர்ப்பது புத்திசாலித்தனம். கரைவெட்டி ஏரியில் வரித்தலை வாத்துகளுக்காகக் காத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை: அவர்களுடைய 400, 600 மி.மீ. லென்ஸ்கள் எஃப் 2.8-க்கு மேல் திறப்பதில்லை.