கிளாவரை வீட்டுக் கணக்கு

கடைக்காரர்களுக்குப் பழைய கணக்குப் புத்தகங்கள் ஆண்டுக்கொரு முறை வரும் தொல்லை. ஆயுதபூஜைக்குக் கடையைக் கழுவும்போது பரணிலிருந்து இறக்குவோம், தூசி தட்டுவோம், எடைக்குப் போடலாமா என்று யோசிப்போம், பிறகு மனம் வராமல் மறுபடியும் ஏற்றி வைப்போம். பெரியகுளத்தில் எங்கள் பலசரக்குக் கடையிலும் பல காலமாக இதுதான் வழக்கம். இரண்டாண்டுகளுக்கு முன்பு மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு பழைய பேப்பர்காரரை வரவழைத்துவிட்டோம். தராசில் ஏறிய கட்டிலிருந்து சிவப்புத் துணி அட்டை போட்ட நீளப் பேரேடு ஒன்றைத் தம்பி உருவிப் புரட்டினார். அதனால் எங்களுக்கு ஏற்பட்ட அலைச்சலையும், அதில் தெரிந்துகொண்டவற்றையும் நமது இதழின் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். பூர்வீகம் வேறெங்கோ இருக்க, பிழைப்புக்காகக் கடை வைத்த ஊரையே சொந்த ஊராக்கிக்கொண்டவர்கள் நம்மில் ஏராளம் அல்லவா?

அந்தப் பேரேடு எங்கள் பாட்டனார் கையெழுத்து. ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: மன்மத வருஷம் மாசி மாதம், கெளாவரை மேலவீட்டுக்காரர், பூண்டு மணங்கு 12, ரொக்கம் கொடுத்தது போக நாம் கொடுக்க வேண்டிய பாக்கி ரூ. 92-8-0.

இளைய தலைமுறை வியாபாரிகளுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறோம். மன்மத வருஷம் மாசி என்பது 1956-ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச். அப்போது ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. புதுக்காசு வந்தது 1957 ஏப்ரல் முதல் தேதி. ஆக, பாக்கி தொண்ணூற்றிரண்டரை ரூபாய். மணங்கு என்பது எட்டு வீசை, இன்றைய எடையில் சுமார் 11.3 கிலோ. பன்னிரண்டு மணங்கு என்றால் ஏறக்குறைய 136 கிலோ பூண்டு.

எங்களை உறுத்தியது தொகை அல்ல. மற்றப் பக்கங்களிலெல்லாம் கணக்கு முடிந்ததும் குறுக்கே கோடு இழுத்துப் 'பைசல்' என்று பாட்டனார் எழுதியிருந்தார். இந்த ஒரு பக்கத்தில் மட்டும் கோடும் இல்லை, பைசலும் இல்லை. ஊரில் நாணயத்துக்குப் பெயர் வாங்கிய மனிதர், பூண்டு கொடுத்தவருக்குப் பாக்கி வைத்துவிட்டா போனார்?

கொடைக்கானல் மேல்மலையில், கேரள எல்லையை ஒட்டிய கிளாவரைதான் எங்கள் பூர்வீகம் என்பது தெரியும். "கிளாவரையில் நமக்கு ஒரு வீடு உண்டு" என்று எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒவ்வொன்றிலும் யாராவது சொல்லாமல் இருந்ததில்லை. ஆனால் எந்த வீடு, எந்தத் தெரு என்று கேட்டால் பதில் கிடையாது. அந்த வீட்டில் பிறந்து, எட்டு வயதில் மலை இறங்கிய எங்கள் அத்தை ஒருவர்தான் மிச்சம். அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது.

உள்ளதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். கொடைக்கானல் பக்கம் மனை என்றாலே விலை எங்கோ போய்விட்டது. வீடு நம்முடையது என்றால் ஒரு பட்டா வாங்கிப் போட்டால் என்ன என்ற எண்ணம் தம்பிக்கு வந்தது. எங்களுக்கும் வராமல் இல்லை.

முதலில் காகிதத்தைத் தேடினோம். 1956-ல் பெரியகுளமும் கொடைக்கானலும் மதுரை மாவட்டம். 1985-ல் திண்டுக்கல் தனி மாவட்டமானபோது கொடைக்கானல் அங்கே சென்றது. 1997 முதல் பெரியகுளம் தேனி மாவட்டம். ஆகவே நாங்கள் இருக்கும் மாவட்டம் ஒன்று, வீடு இருக்கும் மாவட்டம் வேறொன்று. ஓர் அலுவலகத்தில் மூன்று முறை காத்திருந்து, கடைசியில் 'அ' பதிவேட்டைப் பார்க்கச் சொன்னார்கள். அதில் நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு எல்லாம் புல எண் வாரியாக இருக்கிறது. வீடுகள் இருந்த இடம் மொத்தமும் 'கிராம நத்தம்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டது.

இது பலருக்கும் தெரியாத சங்கதி. நத்தம் குடியிருப்பு நிலத்துக்குத் தீர்வை கிடையாது. தீர்வை இல்லாத இடத்துக்குப் பட்டாவும் கொடுக்கப்படவில்லை. 1979 தொடங்கி நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்திலும் நத்தம் சேர்க்கப்படவில்லை. பிற்பாடு நத்தம் நிலவரித் திட்டம் வந்தபோதுதான் வீட்டுமனைகளைத் தனித்தனியாக அளந்து, அன்றைக்கு யார் குடியிருந்தார்களோ அவர்கள் பெயரில் எழுதினார்கள். அதற்கு முன்பே மலை இறங்கியவரின் பெயர் அதில் எப்படி இருக்கும்? வில்லங்கச் சான்றும் உதவவில்லை. பத்திரம் பதிவாகியிருந்தால்தானே அதில் வரும்! வாய்ப்பேச்சாகக் கைமாறிய கூரை வீடுகளுக்கு வில்லங்கமும் இல்லை, சான்றும் இல்லை.

இந்த விஷயத்தில் கடல் கடந்து போனவர்கள் ஒருவகையில் நம்மைவிடக் கொடுத்து வைத்தவர்கள். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து சென்றார்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்களே அதில் பெரும்பகுதி. ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், தாலுகா, ஜில்லா, உடம்பிலுள்ள தழும்பு வரை கப்பல் பதிவேட்டில் உண்டு. இன்று டர்பனிலிருந்து பேரன் பேத்திகள் அந்தத் தாளோடு இங்கே வருகிறார்கள். ஆனால் ஊர் கிடைக்கும், வீடு கிடைப்பதில்லை. வீட்டைக் காட்ட ஆள் வேண்டுமே! மாறாக, மகாகவி பாரதியார் 1898 முதல் 1902 வரை காசியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். அனுமன் காட்டில் உள்ள அந்த வீடு இன்னும் அடையாளம் தெரிகிறது. உறவினர் வழியினர் அங்கேயே தொடர்ந்து குடியிருந்ததுதான் காரணம். 2022 டிசம்பரில் தமிழக அரசு அங்கே நினைவிடம் திறந்தது. காகிதத்தைவிட ஆள் முக்கியம் என்று அப்போதுதான் எங்களுக்குப் பட்டது. அத்தையை அழைத்துக்கொண்டு கிளம்பினோம்.

கொடைக்கானலிலிருந்து கிளாவரை நாற்பது கிலோ மீட்டருக்கு மேல். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று வளைந்து வளைந்து போகும் பாதை. பஸ் இருக்கிறது என்றாலும் அத்தையின் வயதை உத்தேசித்து வாடகைக் கார் வைத்துக்கொண்டோம். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே வந்தவர், பூம்பாறையில் குழந்தை வேலப்பரைத் தரிசித்த பிறகு தெம்பாகிவிட்டார். அங்கிருந்து வழியெல்லாம் படிப்படியாக வெட்டிய பூண்டு வயல்கள். வியாபாரிகளுக்கு அந்த வாசனை போதும், எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். பல் சிறுத்து, காரம் தூக்கலாக, மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும் சரக்கு. 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நமது வடுகபட்டிச் சந்தைக்கு வருவதும் இதே மலைச் சரக்குதான். கடையில் மலைப்பூண்டு என்ற பெயரில் வேறு பூண்டைக் கலந்து விற்பவர்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதவேண்டும். இப்போது வேண்டாம்.

எங்கள் பாட்டனார் காலத்தில் கிளாவரைப் பூண்டு குதிரைப் பொதியாகக் கொடைக்கானல் வரை வந்து, அங்கிருந்து லாரியில் இறங்கியதாம். பொதிக்குப் பின்னால் நடந்து வந்தவர்தான் அவர். பிறகு கொண்டு வந்தவரே வாங்குபவராகி, பெரியகுளத்தில் கடை போட்டார்.

ஊருக்குள் நுழைந்ததும் அத்தைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் விட்டுப்போனது புல் வேய்ந்த மண்சுவர் வீடுகள். இப்போது நிற்பவை தகரமும் கான்கிரீட்டும். டீக்கடையில் "யாரு வீட்டைத் தேடுறீங்க?" என்று கேட்டார்கள். பாட்டனார் பெயரைச் சொன்னோம், யாருக்கும் தெரியவில்லை. எழுபது ஆண்டு ஆகப்போகிறது, எப்படித் தெரியும்? அத்தைக்கு நினைவில் இருந்தவை இரண்டே இரண்டு. வாசலில் நின்றால் கீழ்வீட்டுக் கூரை காலடியில் தெரியும். வாசற்பாறையில் இரண்டு உரல் குழி பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

முதல் அடையாளம் உதவாது. சரிவில் அமைந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் கீழ்வீட்டுக் கூரை காலடியில்தான். தம்பிதான் பேரேட்டை விரித்து, "மேலவீட்டுக்காரர்னு யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டார். பெயருக்குக் கிடைக்காத பதில் அந்த ஒரு சொல்லுக்கு உடனே கிடைத்தது. "அந்தா, மேல படி ஏறிப் போங்க. பெரியவர் இருக்காரு." வீட்டுப் பெயர் ஆள் பெயரைவிட ஆயுசு கெட்டி. பழைய வியாபாரிகள் கணக்கில் வீட்டுப் பெயரைப் போட்டு எழுதியது எவ்வளவு புத்திசாலித்தனம் பாருங்கள்.

பெரியவருக்கு எண்பத்தாறு வயது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். பாட்டனார் பெயரைச் சொன்னதும் அத்தையைத்தான் உற்றுப் பார்த்தார். "சளி புடிச்ச பிள்ளையா? உன்னையக் குதிரையில தூக்கி வச்சதே நான்தான் தாயி" என்றார். அத்தை அழுதுவிட்டார். எங்களுக்கும் பேச வாயெழவில்லை.

பிறகு தட்டில் வெற்றிலை பாக்குடன் ஒரு தொகையை வைத்து, பேரேட்டைக் காட்டி, "ஐயா, உங்க அப்பாவுக்கு எங்க தாத்தா கொடுக்க வேண்டிய பூண்டுப் பாக்கி. இத்தனை வருஷத்துக்கு வட்டி போட்டுக் கொண்டு வந்திருக்கோம், வாங்கிக்கணும்" என்றோம்.

பெரியவர் தட்டைத் திருப்பி எங்கள் பக்கமே நகர்த்தினார். "அந்தக் கணக்கு அன்னைக்கே முடிஞ்சு போச்சு. உங்க தாத்தா கடைசியா இறங்குறப்ப, பாக்கிக்கு வீட்டை வச்சுக்கங்கன்னு எங்கய்யா கையில சாவியைக் கொடுத்துட்டுப் போனாரு. ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேர் முன்னாடி வெத்தலை பாக்கு மாத்தினாங்க. அந்தக் கூரை வீட்டுக்கு அந்தத் தொகையே அதிகம்னு எங்கய்யா ரொம்ப நாள் சொல்லிக்கிட்டிருந்தாரு" என்று சிரித்தார். "முடிஞ்ச கணக்குக்கு ரெண்டாந்தரம் காசு வாங்கலாமா?"

தம்பியின் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை, அவரும் எங்களைப் பார்க்கவில்லை. பட்டா எண்ணம் அந்த அடுப்படியிலேயே கரைந்தது.

ஊர் திரும்பிய பின் அனுபவமுள்ள பத்திர எழுத்தர் ஒருவரிடம் கேட்டோம். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆவது பிரிவுப்படி, நூறு ரூபாய்க்குக் குறைந்த அசையாச் சொத்தைப் பதிவுப் பத்திரம் இல்லாமலே, சுவாதீனம் ஒப்படைத்து விற்கலாம் என்றார். பாக்கி தொண்ணூற்றிரண்டரை ரூபாய்! பாட்டனாருக்குச் சட்டம் தெரிந்திருந்ததோ இல்லையோ, கணக்கு தெரிந்திருக்கிறது. போதாததற்கு, நத்தம் அளந்தபோது அந்த மனை மேலவீட்டார் பெயரிலேயே பட்டாவாகிவிட்டது. நாங்கள் பாட்டனார் பெயரில் தேடியதால் அது கண்ணில் படவில்லை.

வீட்டைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பெரியவரின் பேரன் அழைத்துப் போனார். மண்சுவர் வீடு பல ஆண்டுகளுக்கு முன் மழையில் இடிந்துவிட்டதாம். அந்த இடத்தில் இப்போது தகரக் கொட்டகை. உள்ளே குறுக்குக் கழிகளில் பூண்டு கொத்துக் கொத்தாகத் தாளோடு தொங்க, கீழே விறகுப் புகை சுற்றிக்கொண்டிருந்தது. இப்படிப் புகை காட்டினால்தான் சரக்கு நாள்பட நிற்கும். கொட்டகைக்கு முன்னால், புல் மூடிக் கிடந்த பாறையைப் பேரன் காலால் ஒதுக்கினார். இரண்டு உரல் குழிகள், மழைத்தண்ணீர் நிரம்பி. அத்தை உட்கார்ந்து, தண்ணீரைக் கையால் இறைத்து வெளியேற்றி, குழியின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். கீழ்வீட்டுக் கூரை காலடியில் தெரிந்தது.

கிளம்பும்போது கடைக்கென்று இரண்டு சிப்பம் பூண்டு கேட்டோம். பெரியவர் பேரனிடம் எடை போடச் சொன்னார். அன்றைய சந்தை விலை, காசு குறைக்கவில்லை. சாக்குக்கும் சேர்த்துத்தான்.

வீட்டுக்கு வந்த இரவே அத்தை பேரேட்டை எடுத்து வரச் சொன்னார். பாட்டனார் விட்டுப்போன பக்கத்தில் குறுக்கே கோடு இழுத்து, அன்றைய தேதி போட்டுத் தம்பி எழுதினார்: 'வீடு கொடுத்த வகையில் பைசல்.'