தூசியில் தேய்ந்த ஞாபகம்

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 11-ஆம் தேதி நியூயார்க் நகரில் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் இரண்டும் இடிந்து வீழ்ந்தபோது, உயிரோடு எவரேனும் அகப்படமாட்டார்களா என்ற ஆசையோடு அவ்விடத்துக்கு விரைந்தவர்களில், தீயணைப்புப் படையினரும் போலீஸாரும் மட்டுமன்றி, இரும்பு வெட்டுவோரும் லாரி ஓட்டுவோரும் தினக்கூலிக்குத் துப்புரவு செய்ய வந்த ஏழைக் குடியேறிகளும் இருந்தார்கள். இடிபாடுகளின் அடியில் தீ டிசம்பர் வரை கனன்றுகொண்டிருந்தது. குவியலை அகற்றி முடிக்க 2002 மே மாத இறுதியாயிற்று. அத்தனை காலமும் பொடிந்த சிமெண்டையும் கண்ணாடித் துகளையும் கல்நாரையும் ஈயத்தையும் அவர்கள் சுவாசித்தார்கள். பலருக்குத் தக்க முகக்கவசமும் இல்லை. சம்பவம் நடந்த ஒரே வாரத்தில், காற்று சுவாசிக்கத் தக்கதே என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைவர் கிறிஸ்டின் விட்மன் அறிவித்தார். அப்படிச் சொல்வதற்குப் போதிய ஆதாரம் அன்று இருக்கவில்லை என்று அந்நிறுவனத்தின் கண்காணிப்பு அதிகாரியே 2003-இல் எழுதினார். 2016-இல் விட்மன் மன்னிப்புக் கேட்டார். நெஞ்சுக்குள் போன தூசி அதற்குள் பதினைந்து வருஷங்களைக் கடந்திருந்தது.

சுவாச ரோகங்களையும் புற்றுநோயையும் உலகம் அறியும். மூளைக்கு நேர்ந்ததைத்தான் இன்னும் பலர் அறியவில்லை. லாங் ஐலண்டிலுள்ள ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் இத்தொழிலாளர்களை ஆண்டுதோறும் பரிசோதித்துவரும் வைத்தியர்கள், ஐம்பது வயதைச் சற்றே தாண்டியவர்கள் சொல்லுக்குத் தடுமாறுவதையும், பழகிய காரியத்தின் வரிசை தப்பிப்போவதையும் கண்டு, 818 பேரைச் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு அறிவாற்றல் குறைந்திருந்தது. பின்னர் 99 பேரின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியால் படம் பிடித்தார்கள். ஞாபகக் குறைவு உள்ளவர்களின் மூளைப் புறணி, அதாவது சிந்தனையும் ஞாபகமும் குடியிருக்கும் அந்த மெல்லிய மேற்படலம், மெலிந்து, தம்மைவிடப் பத்து வயது மூத்தவர்களுடைய புறணியைப் போலத் தோன்றியது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எம்.ஆர்.ஐ. படம் மூளையின் உருவத்தைக் காட்டுமேயன்றி, அது எதனால் மெலிந்தது என்று சாட்சி சொல்லாது. நுண்ணிய தூசி இரத்தத்தின் வழியாகவோ மூக்கின் நரம்பு வழியாகவோ மூளையை எட்டியிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்களின் சந்தேகம். அன்று கண்ட கோரக் காட்சிகள் விட்டுச்சென்ற மன அதிர்ச்சிக்கும் இதில் பங்குண்டு என்று கருதுகிறார்கள். ஆகையால் ஒரு படத்தைக் கண்டவுடன் அல்ஸைமர் என்று அஞ்சி ஒடுங்க வேண்டியதில்லை. படம் நன்றாக இருக்கிறதென்று மறதியை அலட்சியம் செய்வதும் கூடாது. தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல் ஆகியவையும் ஞாபகத்தை மங்கச் செய்யும்; இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆராய்ச்சிக்காகப் படம் எடுக்க அழைத்தால், நோக்கத்தைக் கேட்டறியவும், மறுக்கவும், இடையில் விலகவும் தொழிலாளிக்குப் பூரண உரிமை இருக்கிறது.

2024-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் கனமானது. அறுபது வயதுக்கு மேற்படாத 5,010 பணியாளர்களைத் தொடர்ந்து கவனித்ததில் 228 பேருக்கு மறதி நோய் கண்டது. தூசியில் மிகுதியாக உழன்றவர்களிடம் அது மிகுந்தும், முகக்கவசமும் காப்புடையும் அணிந்தவர்களிடம் குறைந்தும் இருந்தது. ஒரு முகக்கவசத்தின் விலை எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கையில் மனம் பொறுக்கவில்லை.

இனி பரிகாரம். அந்த மாசினால் பாதிப்புற்று 2006-இல் மாண்டதாகக் கருதப்பட்ட போலீஸ் துப்பறிவாளர் ஜேம்ஸ் ஜட்ரோகாவின் பெயரால் 2011 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தின்படி, பணியாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவசப் பரிசோதனையும், பட்டியலிலுள்ள நோய் என்று சான்று பெற்றவற்றுக்குச் செலவில்லாத சிகிச்சையும் உண்டு. 2015-இல் இத்திட்டம் 2090 வரை நீடிக்கப்பட்டது. குடியுரிமை இல்லை என்பது தடையன்று. ஆனால் மேற்சொன்ன ஆய்வு வெளிவந்த காலத்தில் அப்பட்டியலில் மறதி நோய்க்கு இடமில்லை. மன அதிர்ச்சிக்கும் உறக்க மூச்சுத் தடைக்கும் இடமுண்டு. அவற்றுக்குரிய சிகிச்சையைத் தயங்காமல் பெற்றுக்கொள்ள வேண்டும். புதிய நோயொன்றைப் பட்டியலில் சேர்க்குமாறு திட்ட நிர்வாகிக்கு மனுச் செய்யும் உரிமையைச் சட்டமே அளித்திருக்கிறது. புறணியின் மெலிவைப் படத்திலே கண்ட பின்பும் மறதி நோயை வெளியே நிறுத்துவது நியாயமாகாது என்பது என் முடிவு. பாதிக்கப்பட்டோருக்குரிய இழப்பீட்டு நிதி தனி ஏற்பாடு. அது உடல் நோய்களுக்கு மட்டுமே இழப்பீடு கொடுக்கிறது. பதிவு செய்வதற்கும் கெடு உண்டு.

அந்நாட்களில் அவ்விடத்தில் உழைத்தவர்களோ, தென் மன்ஹாட்டனில் குடியிருந்தவர்களோ, வேலை பார்த்தவர்களோ உங்கள் உறவில் இருந்தால், இத்திட்டத்தில் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு அவர்கள் போகும் நாளில் நீங்களும் உடன் போய், அவர்கள் எதை எப்போது மறந்தார்கள் என்பதைத் தேதியோடு வைத்தியரிடம் சொல்லி, குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள்.