ஐயர் பணம் கேட்கிறாராம்

சேகரகுருவை 'ஐயர்' என்றே அழைக்கும் நெல்லைச் சீமையில், ஊழியக்காரன் வேடம் போட்டு வந்த பழைய ஏமாற்றுக்காரன் நிறையவே உழைக்க வேண்டியிருந்தது. வெள்ளை ஜிப்பா, ரசீதுப் புத்தகம், வடக்கே ஏதோ அனாதை இல்லத்தின் லெட்டர்பேடு, அதன் மேல் ரப்பர் ஸ்டாம்ப். இத்தனையும் இருந்தாலும் முதலில் உபதேசியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாக வேண்டும். "எந்தப் பேராயம்? அங்க பிஷப் யாரு?" என்று காப்பி ஆறுவதற்குள் நாலு கேள்வி விழும். ஐயர் கைப்பட எழுதித் தராமல் கோயிலில் வசூல் பேச முடியாது.

இந்தச் சந்தேகம் திருச்சபைக்குப் பரம்பரைச் சொத்து. தம் பெயரில் போலி நிருபம் வரலாம் என்று தெசலோனிக்கேயருக்கான இரண்டாம் நிருபத்தில் பவுலே எச்சரிக்கிறார். முடிவில் தம் கையெழுத்தை அடையாளமாகவும் வைக்கிறார். கி.பி. 451இல் கூடிய கல்செதோன் சங்கம், சொந்த ஆயரின் கடிதமில்லாமல் வரும் அயலூர்க் குருக்கள் ஊழியம் செய்யக் கூடாதென்று விதித்தது.

இன்றைக்குத் திண்ணையும் இல்லை, கேள்வி கேட்க ஆளும் இல்லை. புது எண்ணிலிருந்து வாட்ஸ்அப் வருகிறது, டி.பி.யில் அங்கியோடு ஐயர். "ஸ்தோத்திரம் சிஸ்டர். மீட்டிங்கில் இருக்கிறேன், பேச இயலாது. ஒரு பிள்ளைக்கு அவசர ஆபரேஷன். 15,000 ஜிபே செய்யவும். மாலை தந்துவிடுகிறேன். யாரிடமும் சொல்ல வேண்டாம்." நம் ஐயர் ஆயுசில் யாரையும் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டதில்லை, 'இயலாது' என்றும் சொன்னதில்லை. ஆனால் ஆபரேஷன் என்று படித்த பதற்றத்தில் அதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள்? அமெரிக்கச் சபைகளில் இதே நாடகம் கிஃப்ட் கார்டு கேட்டு நடந்தது. அங்குள்ள மத்திய வணிக ஆணையம் 2019இலேயே எச்சரித்தது.

திருடனுக்குத் தீனி போடுவதும் நாம்தான். படத்தோடும் போன் எண்ணோடும் சபை டைரக்டரி அச்சடிக்கிறோம். யார் ஐ.சி.யூ.வில் இருக்கிறார், எந்த ஆஸ்பத்திரி என்பதுவரை ஜெபக் குழுவில் போடுகிறோம். ஜெபிக்கத்தான் போடுகிறோம், படிப்பவர்கள் எல்லாரும் ஜெபிப்பதில்லை.

'உஷார்' என்று ஆயிரம் ஃபார்வர்டு அனுப்பினாலும் பெரிய பலன் இராது என்பது என் எண்ணம். "ஐயரையே சந்தேகப்படுவதா?" என்ற கூச்சம்தான் கையைக் கட்டிப்போடுகிறது. அதை அவிழ்க்க வேண்டியவர் ஐயரே. ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கும்போது அவரே சொல்லட்டும்: "என் பேரில் யார் பணம் கேட்டாலும் அனுப்பாதீங்க. முதல்ல எனக்குப் போன் அடிங்க, நடுராத்திரின்னாலும் கோபப்பட மாட்டேன். உதவி எதுவானாலும் சபைக் கணக்கு வழியாத்தான், ரசீதோடதான்." சில வேளை ஐயரின் சொந்த வாட்ஸ்அப்பே களவு போகும், போனுக்கு வரும் ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணை யாரோ நைசாகக் கேட்டு வாங்கியிருப்பான். அப்போது பழைய எண்ணிலிருந்தே செய்தி வரும். அதனால் பதிலையும் வாட்ஸ்அப்பில் கேட்காமல், அவர் குரலைக் கேட்ட பிறகே பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே அழைக்க வேண்டும். அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. நம் பெரியம்மாக்களோ சபைக்கு அவப்பெயர் வருமே என்று வாயைத் திறப்பதில்லை. மகன் லீவுக்கு வந்து பாஸ்புக்கைப் புரட்டும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது.