எம்.சி. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

பாடாங் மேஹா தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர்களின் பிள்ளைகளில் பலர் இன்று ஷிஃப்டுக்குப் போகிறார்கள். கூலிம் ஹைடெக் பார்க் 1996-இல் திறந்த பிறகு அந்த வட்டாரத்தில் பொருத்தும் வேலைக்குக் குறைவில்லை: மோட்டார், ரிலே, சுவிட்ச் பெட்டி என்று கம்பியும் இரும்பும் சேர்கிற வேலை.

பிரஸ் விரலை நசுக்கினால் எல்லாருக்கும் தெரியும். கரண்டை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருந்து அடிக்கும் என்பதைப் புதிதாக வருபவருக்கு யாராவது சொல்ல வேண்டும். எனக்கு அதிகக் கவலை தருபவை மெதுவாக வருபவைதான். நாள் முழுவதும் திருகாணி முடுக்கும் மணிக்கட்டு இரவில் மரத்துப்போகும். பற்றவைக்கும் புகை ஆஸ்துமாவைக் கொண்டுவரலாம். கிளினிக்கில் இருமலை மட்டும் சொல்லாதீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வேலையால் வந்த நோய்க்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் வழியிருக்கிறது.

காயம் பட்டால் சில இடங்களில் ஒரு கூத்து நடக்கும். “ரிப்போர்ட் வேண்டாம், எம்.சி. எடுத்துக்கோ” என்பார் சூப்பர்வைசர். வாசலில் மாட்டிய ‘விபத்தில்லா நாட்கள்’ பலகை கெட்டுவிடக் கூடாதாம்! சாதாரணக் காய்ச்சல்போல எழுதிய எம்.சி.யை, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டை, வாங்கினால், பிறகு அது வேலையிடத்து விபத்து என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். எங்கே, எப்போது, எந்த மெஷினில் அடிபட்டது என்று டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள். பார்த்தவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாளி 48 மணி நேரத்தில் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். எம்.சி. 4 நாளுக்குக் குறையாமல் இருந்தால், வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். வேலைக்குப் போகிற, திரும்புகிற வழியில் மோட்டார் சைக்கிள் விபத்தும் இதில் அடங்கும். போலீஸ் புகார் கட்டாயம் செய்யுங்கள். சொந்த வேலையாக வேறு பக்கம் திரும்பியிருந்தால்தான் சிக்கல்.

கண்ணெதிரே ஆபத்து இருந்து, சொல்லியும் முதலாளி சரிசெய்யாவிட்டால் அந்த இடத்தை விட்டு விலகலாம். 2024 ஜூன் 1 முதல் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. அதற்காகத் தண்டிக்கவும் முடியாது.

சம்பளச் சீட்டையும் கணக்குப் பாருங்கள். 2023-இலிருந்து வாரத்துக்குச் சாதாரண வேலை நேரம் 45 மணிதான். மாதம் 4,000 வெள்ளி வரை வாங்குபவருக்குச் சாதாரண நாள் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு. அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி என்றால் 26-ஆல் வகுத்து, எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 8.17, ஓவர்டைமுக்கு 12.26 வர வேண்டும். குறைந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

நியாயமில்லாமல் வேலையை விட்டு நிறுத்தினால் போக வேண்டிய இடம் வேறு: தொழிலியல் உறவு இலாகா. நிறுத்திய நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். பேசித் தீர்க்கலாம் என்று கம்பெனி இழுத்தடிக்கும் நாட்களும் அந்த 60-இல்தான் சேரும்.