குணமாகாப் பிணியும் குழந்தையின் சுகமும்

சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டவுடன், நோய் நீங்குதல் என்ற பொருளையே நாம் கொள்ளுகிறோம். நோய் நீங்காதென்று தெளிந்த பின்னரும் சிகிச்சைக்கு இடமுண்டா? உண்டு என்பதை ஓர் உதாரணத்தால் விளக்க முயலுவேன்.

டூஷேன் தசைச்சிதைவு என்பது பெரும்பாலும் ஆண் குழந்தைகளைப் பற்றும் பரம்பரை நோய். 1860-களில் இதனை விரிவாக ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரே இதற்கு வழங்குகிறது. தசைகளைச் சேதமுறாமல் காக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உடலில் உண்டாகாமற் போவதே இதன் காரணம். இளம் வயதிலேயே படியேற இடர்ப்படும் சிறுவன், 12 வயதளவில் நடக்கும் ஆற்றலை இழக்கிறான். பின்னர்ச் சுவாசத் தசைகளும் இருதயமும் தளர்கின்றன. மருந்துகள் நோயின் வேகத்தைக் குறைக்கின்றனவேயன்றி, அதனை வேரறுப்பதில்லை.

"நிறையப் பயிற்சி கொடுத்தால் பிள்ளை நடந்துவிடமாட்டானா?" என்று தாய் கேட்பது இயல்பே. ஆயினும், நலிந்த தசையைக் கடும் பயிற்சியால் வருத்தினால் சேதமே மிகும். எஞ்சியுள்ள வலுவைக் காத்து, குழந்தை விரும்பும் செயலுக்கு அதனைப் பயன்படச் செய்வதே இங்கு பிசியோதெரபி என்னும் இயன்முறைச் சிகிச்சையின் நோக்கம்.

நாள்தோறும் கணுக்கால், முழங்கால், இடுப்பு ஆகிய மூட்டுகளை மெல்ல நீட்டிக் கொடுத்தால் தசை இறுகுவது தாமதப்படும். சக்கர நாற்காலியில் முதுகுக்கும் இடுப்புக்கும் தக்க தாங்கல் அமைத்தால் நோவு குறையும். உடலைத் தாங்கி ஊன்றியிருந்த கைகளும் விடுபடும். அக்கைகளால் சிறுவன் சித்திரம் எழுதலாம்; தம்பியுடன் கேரம் ஆடலாம். திரும்பிப் படுக்க இயலாதவனை இரவில் பக்கம் மாற்றிக் கிடத்தினால் படுக்கைப் புண் வராமல் தடுக்கலாம். இருமும் வலிமை குன்றும்போது, அவன் இருமும் கணத்திலேயே மார்பின் அடிப்பகுதியைக் கைகளால் அழுத்திச் சளியை வெளிக்கொணரும் முறையும் உண்டு. இதனைப் பெற்றோர் சிகிச்சையாளரிடம் நேரிற் பழகுதல் அவசியம்.

இத்தகைய நோய்த்தணிப்புப் பராமரிப்பு அந்திமக் காலத்துக்கு மட்டும் உரியதென்று பலர் எண்ணுகின்றனர். குழந்தைகளைப் பொறுத்தமட்டில், நோய் இன்னதென்று அறிந்த நாளிலேயே இது தொடங்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. நம் நாட்டில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய இயக்கம், இப்பராமரிப்பை நோயாளியின் இல்லத்துக்கே கொண்டு சென்றது. 2012-இல் இதற்கென ஒரு தேசியத் திட்டமும் வகுக்கப்பட்டது.

நோய் முற்றுந்தோறும் பயிற்சிகளை ஒவ்வொன்றாகக் குறைக்க நேரிடும். பிள்ளையைக் கைவிட்டுவிட்டார்களோ என்று அப்போது தாயின் உள்ளம் பதறும். உண்மையில், வருத்தும் பயிற்சியை நிறுத்துவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. "இன்று வேண்டாம்" என்று குழந்தை சொன்னால், அச்சொல்லுக்குச் செவிசாய்த்தல் வேண்டும். சாய்ந்து அமர்ந்து, நோவின்றி ஒரு கதை கேட்டு அவன் உறங்கினானாயின், அன்றைய சிகிச்சை தன் பயனை அடைந்துவிட்டது.