இரும்புக்குள் இற்ற மரம்

1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையைக் குண்டால் அதிரவைத்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைப் பற்றிப் படித்த வாசகர் ஒருவர், அப்படியொரு கடற்படை ஜெர்மனிக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அந்த நாட்டின் முதல் கவசக் கப்பல்கள் எல்லாமே அயல்நாட்டில் விலைக்கு வாங்கியவை.

1864இல், பின்னாளில் ஜெர்மனியின் மையமான பிரஷ்யாவும் டென்மார்க்கும் போரிட்டபோது டேனியக் கப்பல்கள் பிரஷ்யத் துறைமுகங்களை அடைத்து நின்றன. கவசக் கப்பல் கட்டிப் பழகிய தளம் பிரஷ்யாவில் இல்லை. அதனால் அர்மினியஸ், குரோன்பிரின்ஸ் இரண்டும் லண்டனின் சமுடா சகோதரர்கள் தளத்தில் உருவாயின. பிரான்சிலிருந்து ஃபிரீட்ரிக் கார்ல் வந்தது. துருக்கி சுல்தானுக்காகத் தேம்ஸ் கரையில் கட்டத் தொடங்கிய பெருங்கப்பல், பாதியில் கைமாறி கோனிக் வில்ஹெல்ம் ஆனது.

இவற்றில் விசித்திரமான பிறப்பு பிரின்ஸ் அடால்பெர்ட்டுக்குத்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென்மாநிலங்களுக்காக, போர்தோ நகரில் லூசியன் அர்மான் ரகசியமாகக் கட்டிய இரட்டைக் கப்பல்களில் ஒன்று அது. எகிப்துக்குப் போகிறது என்று ஊர் நம்பட்டும் என்பதற்காகக் கியாப்ஸ், ஸ்பிங்ஸ் என்று பெயர் வைத்தார்கள். குட்டு வெளிப்பட்டதும் மூன்றாம் நெப்போலியன் விற்பனையைத் தடுத்தார். கையில் தங்கிய சரக்கை அர்மான் எப்படித் தள்ளிவிட்டார் தெரியுமா? கியாப்ஸ் பிரஷ்யாவுக்கு, ஸ்பிங்ஸ் டென்மார்க்குக்கு! எதிரெதிரே நின்ற இருவருக்கும் ஒரே அச்சில் வார்த்த கப்பல்கள். போர் முடிந்ததும் டென்மார்க் தன் கப்பலை வேண்டாம் என்றது. அது தென்மாநிலங்களிடமே போய், அங்கும் போர் முடிந்துவிட, கடைசியில் ஜப்பானின் முதல் கவசக் கப்பலானது.

பிரஷ்யாவுக்கு வந்ததோ ஓட்டைக் கப்பல். மட்டமான மரம், தகடுகளும் சரியாகப் பொருந்தவில்லை. கவசத்தையே கழற்றி மறுபடி பொருத்த வேண்டியிருந்தது. நம் வீடுகளில் குளியலறைக் கதவின் அடியில் தகரம் அடிப்பார்கள். சில மழைக்காலம் கழித்துக் கழற்றினால் உள்ளே மரம் மாவாக உதிரும். இங்கும் அதே கதி. 1871இலேயே பணியிலிருந்து விலக்கி, 1878இல் உடைத்துவிட்டார்கள்.

வாங்குவதற்குக் கிடைக்கும் பணமும் உற்சாகமும் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை. 1870இல் பிரான்சோடு போர் மூண்டபோது குரோன்பிரின்ஸ், ஃபிரீட்ரிக் கார்ல், கோனிக் வில்ஹெல்ம் ஆகிய பெரிய கவசக் கப்பல்கள் மூன்றும் இயந்திரக் கோளாறோடு வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில்தான் பெரும்பாலும் கிடந்தன. சிறிய அர்மினியஸ்தான் ஓயாமல் வெளியே போய்வந்தது.

சொந்தமாகக் கட்டும் முயற்சி டான்சிக்கில் தொடங்கியது. எம்டன் பிறந்ததும் பிற்பாடு அந்த ஊரில்தான். மரக் கப்பலில் கைதேர்ந்த அந்தத் தளம் மர உடல்மேல் கவசம் போர்த்தி ஹான்சாவைக் கட்டியது. 1868இல் தொடங்கிய வேலை, கப்பல் பணியில் சேர 1875 ஆகிவிட்டது.

அடுத்து வந்த குரோசர் குர்ஃபர்ஸ்ட் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனிலேயே கட்டப்பட்டது. 1878 மே 31 அன்று இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டோன் அருகே, குறுக்கே வந்த பாய்மரப் படகுகளுக்காக அணி திரும்பியபோது கோனிக் வில்ஹெல்மில் சுக்கானைத் தவறான பக்கம் திருப்பிவிட்டார்கள். அதன் இடிமுனை தோழமைக் கப்பலான குரோசர் குர்ஃபர்ஸ்ட்டின் விலாவைக் கிழித்தது. சில நிமிடங்களில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எதிரியின் ஒரு குண்டும் விழாத நாள் அது. மாலுமிகளில் பலர் பயிற்சி போதாதவர்கள். கப்பலுக்குக் கொட்டிய பணத்தில் ஒரு பங்கு அவர்களின் பயிற்சிக்கும் போயிருக்க வேண்டும்.

இடித்த கப்பலைப் பழுதுபார்த்தார்கள். பின்னாளில் அதைத் திருத்திக் கட்டி, பயிற்சிக் கப்பலாகவும் வைத்துக்கொண்டார்கள். கோனிக் வில்ஹெல்மை உடைத்தது 1921இல்தான்.